வலப்பக்கம் தேய்ந்த ரயரும் வன்னியில் ஒரு சுற்றும்

கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு ஏ-9 வீதியால் நேரே போனால் எழுபத்தொன்பது கிலோமீற்றர். ஒன்றரை மணித்தியாலம் காணும். நான் நூற்றைம்பத்து நாலு கிலோமீற்றர் ஓடிப் போனேன். வடக்கே பரந்தனுக்கு ஏறி, கிழக்கே திரும்பி, புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு, மாங்குளம் என்று வன்னியை ஒரு சுற்றுச் சுற்றி. ஏன் என்று கேட்பீர்கள். வவுனியாவில் என் மகள் வனிதா என் மோட்டார் சைக்கிள் சாவியை வாங்கக் கையை நீட்டிக்கொண்டு இருந்தாள். பறிகொடுக்கப் போகிறவன் நேர்வழியால் போகமாட்டான்.

காலை 5.40, கிளிநொச்சி

மீற்றரில் 31,206 என்று நின்றது. தாங்கி நிறையப் பெற்றோல். பின் ரயருக்கு முப்பத்தாறு இறாத்தல் காற்று, நானே அடித்தேன். என் கடையில் காற்றடிக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் என் மோட்டார் சைக்கிளுக்கு இன்னொருவன் காற்றடிக்க நான் விட்டதில்லை.

என்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த தொடர்பு முடிந்தது. ஒரு பாலை மரத்தடியில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பம்பும் வைத்துச் சைக்கிளுக்கு ஒட்டுப்போட்டுத் தொடங்கினவன். போரில் இரண்டு தரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி, இரண்டு தரமும் வெறுங்கையோடு வந்து, திரும்பத் தொடங்கினேன். இன்றைக்குக் கிளிநொச்சியில் ரயர் என்றால் என் கடை. இது பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். எனக்கு எழுத்து வாசிக்கத் தெரிந்ததைவிட ரயர் வாசிக்கத் தெரியும். நடு தேய்ந்து தட்டையாக இருந்தால் நேர் வீதியில் தூரம் ஓடுகிற ஆள். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுப் பார்க்காத சோம்பேறி. கிண்ணம் கிண்ணமாகக் குழி விழுந்தால் சொக் அப்சோபர் செத்துப்போச்சு. ரயரைக் காட்டுங்கோ, ஆளைச் சொல்லுவேன்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் சொந்த ரயர் பிடிபடவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், அறுபத்திரண்டு வயதில், தூரப் பயணத்துக்கென்றே செய்த இருநூற்றைம்பது சிசி மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். அகலமான பின் ரயர். சோடியாகப் போக நல்ல இருக்கை. அதில் நானும் என் மனைவி இராசமலரும் மன்னார், திருகோணமலை, யாழ்ப்பாணம் எல்லாம் போய் வந்தோம். ஆனால் பின் ரயர் வலப்பக்கம் மட்டும் தேய்ந்தது. இடப்பக்கம் புதுசு போலப் பூ நிற்கும், வலப்பக்கம் மொட்டை. ஒன்றல்ல, மூன்று ரயர். ஒரு ரயர் இருபத்தெட்டாயிரம் ரூபாய். எங்கள் நாட்டில் இடப்பக்கம் ஓடுகிறோம், வீதியோ நடுவில் உயர்ந்து ஓரத்துக்குச் சரிவு. அதனால் வலப்பக்கம் கொஞ்சம் கூடத் தேய்வது வழமை. இது கொஞ்சம் இல்லை. சங்கிலி நேர் பார்த்தேன். சில்லின் பெயாரிங் மாற்றினேன். பரந்தனில் சில்லு நேர் பார்த்துத் தந்த கராஜ்காரனோடு சண்டை பிடித்து, அவனோடு கதையும் இல்லாமல் போனது.

வனிதா வவுனியாவில் பிசியோதெரபி பார்க்கிறவள். மூன்றாவது ரயரைப் பார்த்துவிட்டு அவள் ஒன்று சொன்னாள். "அப்பா, சைக்கிளிலை பிழை இல்லை. உங்களிலைதான். இடது இடுப்பிலை சண்டைக்குள்ளை பட்ட செல் துண்டு கிடக்குது. வயசு போகப் போக அந்தப் பக்கம் பலம் குறையுது, நீங்கள் வலப்பக்கம் சரியிறியள். உங்களுக்கே தெரியாது. ஒரு நாள் அம்மாவோடை சேர்ந்து விழுவியள்."

அதோடு ஒரு ஒப்பந்தம். நாலாவது ரயர் போட்டு ஆறாயிரம் கிலோமீற்றர் ஓட வேண்டும். நேராகத் தேய்ந்தால் நான் இருக்கும்வரை ஓடலாம். திரும்பவும் வலப்பக்கம் தேய்ந்தால் சாவி அவளுக்கு. சைக்கிளை வாங்க வவுனியாவில் ஒரு வைத்தியர் தயாராக நின்றார். கதிர்காமத்துக்கு இருவரும் இந்தச் சைக்கிளில் போவதென்ற இராசமலரின் நேர்த்திக்கடனும் அதோடு சரி.

ஆறாயிரம் முடிந்தது. ரயரை நான் பார்க்கவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பார்த்தேன். விரலால் தடவியும் பார்த்தேன். வலப்பக்கம் தேய்ந்துகொண்டுதான் இருந்தது.

இராசமலர் சேலையைச் சொருகி, ஹெல்மெற்றைப் போட்டு, எப்போதும் போல இடப்பக்கம் இரண்டு காலையும் போட்டு ஏறி இருந்தா. "பரந்தன் பக்கம் ஏன் திருப்பிறியள்? பிள்ளை வவுனியாவிலையெல்லோ" என்றா.

"மரியநாயகத்தைக் கண்டு கனகாலம். முல்லைத்தீவாலை போவம்."

அவ என் தோளில் வைத்த கையால் ஒரு தட்டுத் தட்டினா.

காலை 7.10, புதுக்குடியிருப்பு (38 கி.மீ.)

முரசுமோட்டையில் அறுவடை முடிந்து, வீதியின் அரைவாசியில் நெல் காய்ந்தது. விசுவமடுவரைக்கும் அப்படித்தான். வாகனங்கள் நெல்லுக்கு மரியாதை கொடுத்து விலகிப் போகின்றன. நெல்லுக்குக் காவல் இருந்த ஒருவர் கதிரையை வீதியிலேயே போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

புதுக்குடியிருப்புச் சந்தைக்கு முன்னால் ஒரு தேநீர்க்கடை. பிளேன் ரீ ஐம்பது ரூபாய், உழுந்து வடை எழுபது. வடை நல்லது, ரீயில் சீனி கூட. ரியூசனுக்குப் போகிற பிள்ளைகள் என் சைக்கிளைச் சுற்றி நின்று பார்த்தார்கள். எனக்கு உசார் வந்துவிட்டது. அங்கே நின்ற சைக்கிள்களை வரிசையாக வாசித்தேன். இது மூட்டை ஏற்றுகிற சைக்கிள், இது வாத்தியார் ஒருவருடையது, மெதுவாகத்தான் போவார். வாத்தியார் அங்கேயே ரீ குடித்துக்கொண்டு இருந்தார். சிரித்துத் தலையாட்டினார். கடைக்காரர் எனக்கு இன்னொரு வடை வைத்தார்.

அந்நேரம் ஒரு தனியார் பஸ் வந்து நின்றது. சாரதி இறங்கி வந்தான், நாற்பது வயது மதிக்கலாம். நான் விடவில்லை.

"தம்பி, உங்கடை முன் ரயர் உள்பக்கம் தேயுது. அலைன்மென்ற் பாருங்கோ."

அவன் பஸ்ஸையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். "ஓம் ஐயா, தெரியும், இந்தக் கிழமை பாக்கிறன். ஆனா ஐயா, நான் விசுவமடுவிலை இருந்து உங்களுக்குப் பின்னாலைதான் வந்தனான். முந்துவமெண்டா விடமாட்டியள்."

"எண்பதிலை வந்தனான். பஸ்ஸுக்கு என்னை முந்த ஏலாது."

"அதில்லை ஐயா. நேர் றோட்டிலை நீங்கள் வலப்பக்கம் சரிஞ்சுதான் போறியள். வளைவும் இல்லை, காத்தும் இல்லை. கொண்டக்டர் பெடியனுக்கும் காட்டினனான். அம்மா பின்னுக்கு இருக்கிறா, ஐயா நித்திரையாக்கும் எண்டு ஹோர்ன் அடிச்சனான். கேக்கேல்லையோ?"

கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த இரண்டாவது வடையைத் தின்ன முடியவில்லை. கண்ணால் கண்ட சாட்சி வந்துவிட்டதே. சாவி போன மாதிரித்தான்.

இராசமலர் வடையைக் கடதாசியில் சுற்றித் தன் பைக்குள் வைத்தா. "மரியநாயகம் அண்ணை வீட்டை போய்ச் சாப்பிடுங்கோ" என்றா.

காலை 8.30, வட்டுவாகல் (55 கி.மீ.)

முள்ளிவாய்க்கால் தாண்டும்போது நானும் அவவும் கதைப்பதில்லை. எப்போதும் அப்படித்தான். வேகத்தையும் குறைத்துக்கொள்வேன். அதற்கு மேல் அந்த இடத்தைப் பற்றி எழுத எனக்குப் படிப்புக் காணாது.

வட்டுவாகல் பாலம் நீளம், ஒடுக்கம். ஒரு பக்கம் நந்திக்கடல் களப்பு, மறுபக்கம் கடலோடு சேரும் வாய். பாலத்தைத் தாண்டி நகரத்துக்குள் போகுமுன், களப்புக் கரையில் மரியநாயகத்தின் வீடு. களப்பிலும் கடலிலும் தொழில் செய்கிறவன், என் வயது. அகதி முகாமில் எங்கள் கூடாரமும் அவன் கூடாரமும் பக்கம் பக்கம். அவன் மனைவி ஸ்ரெல்லா ஸ்கூட்டியில் கருவாடு கொண்டுபோய் ஒட்டுசுட்டான்வரைக்கும் விற்று வருகிறவ.

அவனுடைய இறங்குதுறைத் தடிகளில் என் பழைய ரயர் மூன்றும் தொங்கின. வள்ளம் இடிபடாமல் கட்டுவதற்கென்று நான்தான் கொடுத்தனுப்பினது.

"மச்சான், உன்ரை ரயரெல்லாம் ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் மயிர்" என்றான். "மொட்டைப் பக்கத்தை வள்ளத்துக்குத் திருப்பிக் கட்டியிருக்கிறன். நல்லா வழுக்குது. இனியும் இப்பிடியே தேய்ச்சு அனுப்பு."

"இனி வராது. இண்டைக்குச் சாவி குடுக்கப் போறன்" என்று நடந்ததைச் சொன்னேன். பஸ்காரன் சொன்னதையும் மறைக்கவில்லை. அவனிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை.

அவன் கையிலிருந்த வலையை ஒதுக்கி வைத்தான். "உன்ரை சரிவை ஒருக்கா என்ரை கண்ணுக்குக் காட்டு."

சட்டைப்பையில் எப்போதும் மஞ்சள் சோக்கு வைத்திருப்பேன். கடையில் ரயருக்குக் குறி போடுகிற சோக்கு. ரயரின் குறுக்கே ஓரத்திலிருந்து ஓரம் ஒரு தடிப்பான கோடு போட்டு, நேராகக் கொஞ்சத் தூரம் ஓடிப் பார்த்தால், நிலத்தில் எந்த இடம் படுகிறதோ அந்த இடத்தில் சோக்கு அழியும். சின்னப் பிள்ளைக்கும் விளங்குகிற சோதனை. கிளிநொச்சியில் நான் இதைச் செய்து பார்க்கவில்லை. ரயர்க் கடைக்காரன் தன் ரயருக்குச் சோக்குப் போட்டுக்கொண்டு திரிகிறான் என்று ஆட்கள் கதைப்பார்கள். அதோடு, விடை தெரியும் என்று நினைத்தவன் கேள்வி கேட்கமாட்டான்.

அவன் வீட்டுக்கு முன்னால் இருநூறு மீற்றர் கொங்கிறீற்று ஒழுங்கை. சரிவு இல்லை, தட்டை. கோடு போட்டேன். இராசமலரை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பி வந்தேன். மரியநாயகம் குந்தியிருந்து பார்த்தான்.

வலப்பக்கம் அழிந்திருந்தது. நடுவில் அரைகுறை. இடப்பக்கக் கோடு போட்டபடியே மஞ்சளாகக் கிடந்தது.

நான் வேலியோரம் போய் ஒரு மரக்குற்றியில் இருந்துவிட்டேன். மகள் சொன்னது சரி. பஸ்காரன் சொன்னது சரி. இவ்வளவு வருடம் என்னை நிமிர்த்தி வைத்திருந்த உடம்பு என்னிடம் சொல்லாமலே சரியத் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். எனக்குக் கண் கலங்கினதை ஸ்ரெல்லா பார்த்திருப்பா, குசினிக்குள் போய்விட்டா.

"எழும்பு, எழும்பு" என்றான் மரியநாயகம். "நான் ஏறிப் பாக்கிறன். எனக்கும் இந்தச் சைக்கிளிலை ஒருக்காப் போக வேணும்."

"உன்ரை பாரத்துக்கு ரயர் வெடிக்கும்."

"வெடிச்சா ஒட்டுப்போடத் தெரிஞ்சவன்தானே நீ."

அழித்து, புதுக்கோடு போட்டேன். அவன் சாரத்தை மடித்துக் கட்டி, இரண்டு பக்கமும் காலைப் போட்டு ஏறினான். தொண்ணூறு கிலோ இருக்கும். போய் வந்தோம். இறங்கிப் பார்த்தேன்.

நடு. சரி நடு. இரண்டு பக்கமும் ஒரே அளவு மஞ்சள் மிச்சம் இருந்தது.

திரும்பவும் கோடு போட்டு, இன்னொரு தரம் அவனோடு போனேன். திரும்பவும் நடு. பிறகு நான் மட்டும் தனியே போனேன். நடு.

என் இடுப்பு அதே இடுப்பு. செல் துண்டு அதே இடத்தில்தான் கிடந்தது.

மரியநாயகம் தாடியைச் சொறிந்தான். "மச்சான், வள்ளத்திலை ஒரு பக்க ஓரத்திலை ஒருத்தன் இருந்தா, தாங்கிறவன் மற்றப் பக்கம் தள்ளி இருப்பான். இல்லாட்டி வள்ளம் கவிழும். கவிழாமப் போனா, அவன் சரியாத் தள்ளி இருக்கிறான் எண்டு அர்த்தம்." திரும்பி இராசமலரைப் பார்த்தான். "தங்கச்சி, நீங்கள் எந்தப் பக்கம் இருக்கிறனியள்?"

அவ தன் இரண்டு காலையும் பார்த்தா.

அவவின் பாரம் முழுக்க இடப்பக்கம். அது விழாமல் இருக்க, நான் அறியாமலே சைக்கிளை வலப்பக்கம் சரித்துப் பிடித்து ஓடியிருக்கிறேன். பழைய சின்னச் சைக்கிள்களில், பள்ளமும் கிடங்குமான வீதிகளில், குறுகின ரயரில் இது தெரியவில்லை. வழவழத்த தார்க் காப்பெற் வீதி வந்து, அகலமான ரயர் வந்து, மணித்தியாலக் கணக்காக இருவரும் ஓடத் தொடங்கின பிறகுதான் ரயர் காட்டிக்கொடுத்தது.

எனக்குள் பழைய ஆள் உடனே எழும்பிவிட்டான். "பாத்தியோ மரியநாயகம்! நான் நோயாலை சரியேல்லை. இவவைத் தாங்கிறதுக்கெல்லோ சரிஞ்சனான்! முப்பத்தெட்டு வருசமாத் தாங்கிறன், ஒரு நாள் விழுத்தினனானோ?"

"தாங்கினது நீங்களில்லை" என்றா இராசமலர். "ரயர்."

மத்தியானம் 12.30, அதே இடம்

திருக்கை மீன் வறையும் இறால் குழம்பும். முல்லைத்தீவில் சாப்பிட்ட பிறகு கிளிநொச்சியில் மீன் என்று சொல்லி விற்பதை நான் மீன் என்று ஒப்புக்கொள்வதில்லை.

சாப்பிட்டுக் கை கழுவினதும், ஒரு முதலாளி தன் கடையில் வேலை சொல்வது போலச் சொன்னேன். "சரி, இராசமலர், இனி நீர் ரண்டு பக்கமும் காலைப் போட்டு இரும். பிரச்சினை முடிஞ்சுது."

"நான் இருக்கமாட்டன்" என்றா.

நான் சிரித்தேன். அவ சிரிக்கவில்லை.

"கலியாணம் முடிச்ச புதிசிலை கரடிப்போக்குச் சந்தியிலை என்ன நடந்தது எண்டு மறந்துபோனியளோ? உங்கடை சைக்கிள் கரியரிலை ரண்டு பக்கமும் காலைப் போட்டு இருந்தனான். எனக்கு அதுதான் பயமில்லாமல் இருந்தது. தேத்தண்ணிக் கடையிலை நாலு பெடியள் சிரிச்சாங்கள். நீங்கள் சைக்கிளை நிப்பாட்டி, நடுச்சந்தியிலை என்னை இறக்கி, 'குடும்பப் பொம்பிளை மாதிரி இரு' எண்டு சத்தம் போட்டனீங்கள். அண்டையிலை இருந்து நான் குடும்பப் பொம்பிளை மாதிரித்தான் இருக்கிறன். இடுப்பு நோகேக்கையும் அப்பிடித்தான். இப்ப ரயர் தேயுதெண்ட உடனை காலைப் போடட்டாம். எனக்காக விடாததை ரயருக்காக விடுறியளோ?"

ஸ்ரெல்லா கோப்பைகளை அடுக்குவதை நிறுத்திவிட்டா. மரியநாயகம் கூரையைப் பார்த்தான்.

அந்தச் சந்தி எனக்கு உண்மையிலேயே மறந்துபோயிருந்தது. சிரித்த பெடியள் எனக்கு ஞாபகம் இருந்தார்கள், இறக்கிவிட்டது ஞாபகம் இல்லை. எனக்கு இருபத்தாறு, அவவுக்கு இருபத்தொன்று.

முற்றத்தில் போய் நின்றேன். நேரம் போனது. சாவியைப் பற்றிக்கூட நான் அப்போது நினைக்கவில்லை, அதை நீங்கள் நம்ப வேண்டும். திரும்பி வாசலுக்கு வந்து, எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

"அண்டைக்கு நான் செய்தது பிழை. சைக்கிளை விழுத்தாமல் வைச்சிருக்கத் தெரிஞ்சது, என்ரை புத்தியைச் சரிக்காமல் வைச்சிருக்கத் தெரியேல்லை. இப்பிடியே ஒரு பக்கமா இரும். ரயர் தேயட்டும். சாவியைக் குடுப்பம். பஸ்ஸிலை கதிர்காமம் போவம்."

இராசமலர் சேலைத் தலைப்பை உதறினா. "ஸ்ரெல்லா, உம்மடை பஞ்சாபி உடுப்பு ஒண்டு எனக்குக் காணுமோ?"

"காணும் அக்கா, இடுப்பு நாடா இருக்குது" என்று ஸ்ரெல்லா ஓடினா.

பின்னேரம் 2.15, முல்லைத்தீவிலிருந்து புறப்பாடு

நீலக் கால்சட்டை, நீலப் பூப் போட்ட மேல்சட்டை, வெள்ளை ஹெல்மெற். ஐம்பத்தொன்பது வயதில் அவ காலைத் தூக்கிப் போட மூன்று தரம் முயற்சி எடுக்க வேண்டி வந்தது. மரியநாயகம் ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்து வைத்தான், அதில் ஏறித்தான் இருந்தா. "அடுத்தமுறை பெட்டியையும் கட்டிக்கொண்டு வாங்கோ" என்றான்.

முதல் ஐந்து கிலோமீற்றர் சைக்கிள் வலப்பக்கம் இழுத்தது. அதாவது, நான்தான் பழக்கதோசத்தில் வலப்பக்கம் சரித்தேன், இப்போது எதிர்ப்பாரம் இல்லை. தண்ணீரூற்று, முள்ளியவளை தாண்டும்போது என் உடம்பு நிமிர்ந்துவிட்டது. முப்பத்தெட்டு வருடப் பழக்கத்தை உடம்பு பதினைந்து நிமிடத்தில் விட்டுவிட்டது. புத்திதான் அவ்வளவு கெதியில் விடாது.

ஒட்டுசுட்டானுக்குப் பிறகு காடு. ஆனை கடக்கும் இடம் என்று பலகை போட்டிருக்கிறார்கள். ஆனையைக் காணவில்லை, மயில்தான் கண்டோம், வலப்பக்கம் ஒரு புற்றில். அவ என் காதுக்குள் சொன்னா. "இந்தப் பக்கமும் காடு நல்லாத்தான் இருக்குது."

"வரேக்கை இந்தப் பக்கம் பாத்திருப்பீர்தானே?"

"போகேக்கை ஒரு பக்கம், வரேக்கை மற்றப் பக்கம். ரண்டையும் ஒண்டா எப்ப பாத்தனான்?" பிறகு, "உங்கடை பிடரியிலை ஒரு மச்சம் இருக்குது, தெரியுமோ?" என்றா.

தெரியாது.

பின்னேரம் 4.20, மாங்குளம் (107 கி.மீ.). இளநீர் இருநூறு ரூபாய், அவவுக்கும் எனக்கும் ஒவ்வொன்று. இங்கே ஏ-9 வீதிக்கு ஏறித் தெற்கே திரும்பினோம். கனகராயன்குளத்தில் ஒரு பெருமூச்சுக்கு நின்று, அவவை இடுப்பு நிமிர்த்த விட்டேன். "நோகுதோ?" என்றேன். "நோகுது. ஆனா இது வேறை நோ" என்றா.

பின்னேரம் 6.00, ஓமந்தை (141 கி.மீ.)

வவுனியாவுக்கு மகளிடம் போகிறதென்றால் நாங்கள் எப்போதும் பின்னேரம்தான் போவோம், கடையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு. இரவு தங்கி, விடியப் புறப்பட்டு வருவோம். எத்தனை தரம் போயிருப்போம் என்று கணக்கில்லை.

ஓமந்தைக்குக் கிட்ட என் தோளை இறுக்கிப் பிடித்தா. "நிப்பாட்டுங்கோ."

பயந்துபோய் ஓரத்தில் நிறுத்தினேன். அவ இறங்கவில்லை. இருந்தபடியே வலப்பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தா. வெட்டின வயலுக்கு அங்காலே, மரங்களுக்கு மேலே, சூரியன் பட்டுக்கொண்டு இருந்தது. பெரிய சிவப்பு.

"இந்த றோட்டிலை பின்னேரம் எத்தனை தரம் வந்தனாங்கள்" என்றா. "இண்டைக்குத்தான் பாக்கிறன். ஒவ்வொரு நாளும் இது என்ரை முதுகுக்குப் பின்னாலையெல்லோ பட்டிருக்குது."

தெற்கே போகும்போது இடப்பக்கம் காலைப் போட்டு இருக்கிறவ கிழக்கைத்தான் பார்க்கலாம். இதற்குப் படிப்புத் தேவையில்லை. யோசிக்க ஒரு ஆள் தேவை, அந்த ஆளாக நான் இருக்கவில்லை. சூரியன் முழுக்க மறையும்வரை நின்றோம்.

பின்னேரம் 6.35, வவுனியா (154 கி.மீ.)

வனிதா படலையைத் திறந்தாள். முதலில் ரயரைத்தான் பார்க்க வந்தவள், தாயைப் பார்த்துவிட்டு ரயரை மறந்துவிட்டாள்.

"அம்மா! கால்சட்டை!"

"ஓம். பிடியும், இறங்க வேணும்."

நான் வக்கீல் மாதிரி எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். அவள் நம்பவில்லை. "அப்பா, உங்களுக்குக் கதை சொல்லத் தெரியும் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள். தெரு விளக்கு பற்றியிருந்தது. அவள் கையிலேயே சோக்கைக் கொடுத்தேன். கோட்டை அவளே போட்டாள். தாயை முதலில் ஒரு பக்கமாக இருத்தி ஓடினேன். வலப்பக்கம் அழிந்தது. பிறகு இரண்டு பக்கமும் கால் போட்டு. நடு அழிந்தது. அவள் முழங்காலில் இருந்து, கைபேசி வெளிச்சத்தில் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப இடுப்பு?"

"இடுப்பு என்ரை. பத்திரமா இருக்குது."

"அதை நாளைக்குக் காலமை நான் பாக்கிறன், விடமாட்டன்" என்றாள். பிறகு எழும்பிக் கையை நீட்டினாள். "ஒப்பந்தம் ஒப்பந்தம். ரயர் வலப்பக்கம் தேய்ஞ்சுதானே இருக்குது. சாவி."

பேச்சு மாறுகிற பரம்பரை இல்லை நான். கொடுத்தேன். அவள் அதை வாங்கி, அப்படியே திரும்பி, தாயின் கையில் வைத்தாள்.

"அம்மா, இது உங்களிட்டை இருக்கட்டும். இவர் கேட்டா, எந்தப் பக்கம் கால் எண்டு கேட்டுட்டுக் குடுங்கோ."

மறுநாள் காலை 5.50, வவுனியாவிலிருந்து

விடிய ஐந்து மணிக்கே மகள் என் இடுப்பைத் திருப்பி, மடக்கி, நீட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் செய்ய நாலு பயிற்சி எழுதித் தந்திருக்கிறாள். கதிர்காமத்துக்கு நானூறு கிலோமீற்றருக்கு மேல். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் இறங்கி நடக்க வேண்டுமாம், இருவரும். சம்மதித்தேன். நாள் குறித்தது இராசமலர். பங்குனி பிறந்து முதல் வெள்ளி.

படலையடியில் சாவியைக் கேட்டேன். "ரண்டு பக்கமும்" என்றா, நான் கேள்வி கேட்க முதலே.

புளியங்குளத்துக்குக் கிட்ட, வலப்பக்கம், சூரியன் எழும்பினது. அதுவும் இத்தனை வருடமாக அவவின் முதுகுக்குப் பின்னால் எழும்பின சூரியன்தான். இந்தமுறை அவ நிறுத்தச் சொல்லவில்லை. நானே நிறுத்தினேன்.

முறிகண்டியில் எல்லோரையும் போலப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, நூறு ரூபாய்க்குக் கச்சான் கடலை வாங்கினோம். புதிதாய்க் கலியாணம் முடித்த சோடி ஒன்று பக்கத்தில் சைக்கிளை நிறுத்தியது. பெட்டை சேலையோடு ஒரு பக்கமாக இருந்தாள். என் கண் தானாக அவர்களுடைய பின் ரயருக்குப் போனது. வாய் திறக்கப் போனேன். இராசமலர் என் கைக்குள் கச்சானை அள்ளி வைத்தா. பேசாமல் தின்றேன். அந்தப் பெட்டையிடம் அவதான் போய் ஏதோ சொன்னா. இருவரும் சிரித்தார்கள். என்ன சொன்னா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லவில்லை.

கிளிநொச்சியில் என் வீட்டு ஒழுங்கை வந்தபோது, வவுனியாவில் பூச்சியமாக்கின பயண மீற்றர் எழுபத்தொன்பது காட்டியது. நான் திருப்பவில்லை. கடையைத் தாண்டி, ஆட்கள் பார்க்கப் பார்க்க, கரடிப்போக்குச் சந்திவரைக்கும் மெதுவாகப் போனேன். அந்தத் தேத்தண்ணிக் கடை இப்போது இல்லை, அங்கே ஒரு கைபேசிக் கடை. வாசலில் நின்ற நாலைந்து பேர் எங்களைப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான்கூட.

ஹோர்னை ஒரு தரம் அடித்து, சந்தியில் திரும்பி, அவர்களுக்கு முன்னாலேயே இன்னொரு தரம் வந்தேன். பின்னால் இராசமலர் முழங்காலால் என்னை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நேரே பார்த்துக்கொண்டு இருந்தா. பரந்தன் கராஜ்காரனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்கும் இதே வீதிதான், இன்னும் கொஞ்சம் மேலே.

"வீடு அந்தப் பக்கமெல்லோ" என்றா.

"தெரியும்" என்றேன். பறிகொடுக்கப் போகிறவன் மட்டுமில்லை, திரும்பக் கிடைத்தவனும் நேர்வழியால் போகமாட்டான்.